பத்து சென்ட்டும் ஒரு ரெவின்யூ மந்திரியும்

கண்ணு,

பஞ்சாயத்து எலக்‌ஷனில் நிற்கட்டுமா என்று போனில் நீ கேட்டதற்குப் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் உங்கப்பா இருந்தார். எலக்‌ஷன் என்ற பேச்சு காதில் விழுந்தால் அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் கிடையாது. வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் நீ பாதியில் தள்ளிவிடுவாய் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

நம்ம வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடு ஆகியிருக்கிறது. வக்கீலுக்குப் படித்த பிள்ளை நின்றால் ஜெயிக்கும் என்று கட்சிக்காரர்கள் கணக்குப் போடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வந்தவர்களில் ஒருவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "பிள்ளை லேடீஸ் விஷயத்தைப் பார்த்துக்கிட்டாப் போதும், பாக்கியை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். அதுதான் எனக்கு உறுத்துகிறது. கே.ஆர். கௌரியம்மாவை மந்திரியாக்கிய நம்ம கேரளத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு பேச்சு.

உனக்கு அவரைக் கடைசிக் காலத்துப் படத்தில்தான் தெரியும். 2021 மே மாதம் இறந்தபோது வயது 101. நீ ஸ்டேட்டஸ்கூட வைத்திருந்தாய். நான் சொல்ல வந்தது அந்தப் பாட்டியைப் பற்றி இல்லை. 1957 ஏப்ரலில் கேரளத்தின் முதல் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் மந்திரிசபையில் 11 பேரில் ஒரே பெண்ணாகப் போய் உட்கார்ந்த 37 வயது வக்கீலைப் பற்றி. சேர்த்தலை பக்கம் பட்டணக்காடு ஊர். கேரளத்து ஈழவர் சமூகத்தில் சட்டம் படித்த முதல் பெண். அண்ணன் தொழிற்சங்கக்காரர், அந்த வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். ஜெயிலுக்கும் போனார். போலீஸ் லத்திக்குப் பிள்ளை கொடுக்கும் சக்தி இருந்திருந்தால் எத்தனையோ லத்திப் பிள்ளைகளைப் பெற்றிருப்பேன் என்று அவர் சொன்னதை இன்றைக்கும் மேடையில் சொல்கிறார்கள். கைதட்டுகிறவர்கள் அதற்குப் பின்னால் இருக்கும் கொடுமையை யோசிக்கிறார்களா என்று தெரியவில்லை.

அவருக்குக் கொடுத்தது ரெவின்யூ இலாகா. நிலம், வரி, பட்டயம் என்கிற பட்டா, குத்தகை எல்லாம் அதில் அடக்கம். பதவியேற்ற ஆறாவது நாளே, ஏப்ரல் 11-ம் தேதி, குடியானவனையும், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் குடிகிடப்புக்காரனையும் யாரும் வெளியேற்றக்கூடாது என்று அவசரச் சட்டம் வந்தது. அந்த வருஷம் டிசம்பரில் விவசாய உறவு மசோதாவைச் சபையில் வைத்தார். 1959 ஜூனில் நிறைவேற்றினார்கள். ஜூலை 31-ம் தேதி டெல்லி சர்க்கார் இ.எம்.எஸ். மந்திரிசபையையே கலைத்துவிட்டது. அப்புறம் கோர்ட், திருத்தம், மறுபடி கோர்ட். 1967-ல் மறுபடியும் ரெவின்யூ மந்திரியாக வந்து, விட்ட இடத்திலிருந்து பிடித்தார். 1969-ல் திருத்தச் சட்டம் நிறைவேறியது. அது 1970 ஜனவரி 1-ம் தேதி அமலுக்கு வந்தபோது அவர் பதவியில் இல்லை, மந்திரிசபை கவிழ்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆள் போனாலும் சட்டம் நின்றது.

நம்ம வீட்டுக்கு அது வந்து சேர்ந்த கதையை அப்புச்சி உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பார். நான் அப்போது சின்னப்பிள்ளை. ஜென்மியின், அதாவது நிலத்துக்காரரின், களத்துக்குப் பின்னால் எங்கள் குடிசை. அடுப்புச் சாம்பல் கொட்டுகிற இடம்கூட அவர்களுடையது. பத்து சென்ட் வரைக்கும் வளைத்துக்கொள்ளலாம் என்று சங்கத்துக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பஞ்சாயத்து என்றால் பத்து சென்ட், முனிசிபாலிட்டியில் ஐந்து, கார்ப்பரேஷனில் மூன்று. அப்புச்சி தாம்புக்கயிறு பிடித்து அளந்தார், அம்மிச்சி ராந்தல் பிடித்துக்கொண்டு நின்றாள். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளுவைக் குச்சி நட்டார்கள். காலையில் காரியஸ்தன் வந்து வேலியைப் பார்த்தான், அப்புச்சியைப் பார்த்தான், ஒன்றும் பேசாமல் போய்விட்டான். அதற்கு முன்னால் என்றால் குச்சியைப் பிடுங்க ஆள் விட்டிருப்பான். பட்டயம் கைக்கு வர அப்புறம் எத்தனையோ நடை. அதைப் பீரோவில் வைத்திருக்கிறேன், நீ பார்த்திருக்கிறாய்.

ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும். அப்புச்சி உழுத வயல் அப்புச்சிக்கு வரவில்லை. அது குத்தகைச் சீட்டு வைத்திருந்தவருக்குப் போனது. சட்டம் குத்தகைக்காரனை நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆக்கியது, கூலிக்காரனுக்குக் குடிசையைச் சுற்றிய மண்ணைத்தான் கொடுத்தது. எஸ்டேட்டுகளைத் தொடவே இல்லை. இன்றைக்குக் காலனியில் பிணம் புதைக்க இடமில்லாமல் வீட்டுத் தரையைத் தோண்டுகிறார்கள் என்று நீயே கேஸ் பார்த்துவிட்டு வந்து அழுதாய். அந்தக் குறை அந்தச் சட்டத்திலேயே இருந்தது. பத்து சென்ட் இல்லாவிட்டால் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கவும் மாட்டார்கள், அதுவும் உண்மை.

அவருடைய சொந்த வாழ்க்கையில் நான் அதிகம் போகவில்லை. 1957-லேயே கூட இருந்த மந்திரி டி.வி. தாமஸைக் கல்யாணம் செய்துகொண்டார். 1964-ல் கட்சி உடைந்தது, புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி. 1967-ல் இருவரும் ஒரே மந்திரிசபையில் இரண்டு கட்சி மந்திரிகள். அந்த வீட்டுக் கஷ்டத்தைப் பத்திரிகைக்காரர்கள் எழுதிய அளவுக்கு அவர் போட்ட சட்டங்களைப் பற்றி எழுதவில்லை.

1987-ல் கௌரிதான் கேரளத்தை ஆளப்போகிறார் என்று ஊர் ஊராகக் கோஷம் போட்டு ஓட்டு வாங்கினார்கள். எங்கள் தெருவிலும் போட்டார்கள், நானும் தொண்டை கிழியக் கத்தினேன். ஜெயித்த பிறகு நாயனார் முதலமைச்சர். கௌரியம்மா மறுபடியும் மந்திரிதான். அந்த ஆட்சியில்தான் பெண்கள் ஆணையத்துக்கான மசோதாவைத் தயார் செய்ய வைத்தார். 1994-ல் கட்சியை விட்டே நீக்கினார்கள். எழுபது வயது தாண்டியவர் தனிக்கட்சி ஆரம்பித்து, ஆலப்புழை ஜில்லா அரூரில் நின்று ஜெயித்தார்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. 1996-ல் ஆதிவாசி நிலச் சட்டத்தைத் திருத்தி, அவர்களிடமிருந்து கைமாறிய நிலத்தை வாங்கியவர்களுக்கே உறுதியாக்க ஒரு மசோதா வந்தது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் ஒரே குரல். 140 பேர் சபையில் எதிர்த்தவர் அவர் ஒருவர்தான். ஆதிவாசிகள் இருக்கும் அட்டப்பாடி நம்ம ஜில்லாதான். அங்கே அவருக்கு ஓட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. கைமாறிய நிலத்தை ஆதிவாசிக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1975-ன் ஆதிவாசி நிலச் சட்டம் சொன்னது அவருக்குத் தெரியும், அதனால் எழுந்து பேச முடிந்தது.

2021 தேர்தலில் 140-க்கு 11 பெண்கள்தான் சபைக்குப் போனார்கள். பஞ்சாயத்தில் 2010 முதல் பாதி இடம் நமக்கு. கீழே பாதி, மேலே பதினொன்று. காப்பி குடித்துவிட்டுப் போனவரின் பேச்சு அதில் அடங்கிவிடுகிறது.

நில்லு என்றுதான் நான் சொல்வேன். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பெயர் நம்ம வார்டு வோட்டர் லிஸ்ட்டில் இன்னும் இருக்கிறதா, எறணாகுளத்துக்கு மாற்றிவிட்டாயா என்று முதலில் பார். பிறகு கட்சிக்காரர்களை நீயே கூப்பிட்டுப் பேசு, என் வழியாக வேண்டாம். ஜெயித்தால் பஞ்சாயத்தில் துறைகளைப் பார்க்கிற ஸ்டாண்டிங் கமிட்டிகளில் எது என்று இப்போதே கேள். ஃபைனான்ஸ் வைஸ் பிரசிடென்டுக்குத்தான் போகும். நலக்கமிட்டி என்று ஆரம்பிப்பார்கள். ரோடும் விவசாயமும் வருகிற வளர்ச்சிக் கமிட்டியைக் கேள். முகத்தைச் சுளித்தால் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிடு.

அம்மா