மொழிபெயர்த்தவருக்குப் பேட்டா உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறுவை நடவுக்கு வந்திருக்கும் வடமாநில ஆட்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்கள் கோர்ட் படி ஏறினால் என்ன ஆகிறது என்று, 31 வருஷம் நீதிமன்றத்தில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

ஓர் அடிதடி வழக்கு. சாட்சி, நாற்று நட வந்த பீகார்க்காரர். இந்தி பேச ஆளில்லாமல் பஸ் ஸ்டாண்டில் பானிபூரி விற்கும் பையனைக் கூட்டிவந்து பிரமாணம் செய்வித்தார்கள். "அடித்தது இவரா?" சாட்சி இரண்டு தடவை "சாயத்" என்றார். இருக்கலாம் என்று அர்த்தம். பையனோ, "ஆமாம், இவர்தான்" என்றான். சின்ன வயசில் இந்தி பிரசார சபாவில் நாலு எழுத்து இந்தி படித்தவன் நான். சாட்சியத்தை எழுதப்போன கை நின்றுவிட்டது. நீதிபதியிடம் சொன்னேன். மறுபடி கேட்டுத் திருத்தி எழுதினோம். ஓர் ஆளின் ஜெயில் வாசம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். வண்டியைப் போட்டுவிட்டு காலை பத்து மணியிலிருந்து நின்றவன். சாயங்காலம், "எனக்கும் பேட்டா உண்டா சார்?" என்றான். பேட்டா என்பது கோர்ட்டுக்கு வந்துபோகும் செலவுக்கான படி. சாட்சிக்குக் கொடுத்தோம், இவனுக்குக் கொடுக்க வழியில்லை. வராந்தாவில் ஒரு தரப்பு ஆள் அவன் சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இது வெள்ளைக்காரன் வைத்த ஓட்டை. 1898-ஆம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 543-ஆம் பிரிவு, மொழிபெயர்ப்பவர் உள்ளதை உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர் என்றது. அதை அடுத்த 544, புகார்தாரருக்கும் சாட்சிக்கும் அரசு செலவுத்தொகை தரலாம் என்றது. மொழிபெயர்ப்பவர் அதில் இல்லை. 1973-ஆம் வருஷச் சட்டத்தில் அவை 282, 312 என்று எண் மாறின; 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் எண்தான் மாறியது, அவ்வளவுதான்.

எங்கள் மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்த தமிழ்ப் புலவர் வேதநாயகம் பிள்ளை, அதற்கு முன் திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். கைக்கூலியைக் கண்டித்துப் பாடியவர். அவருக்கு அது சம்பளம் உள்ள உத்தியோகம். இந்தப் பையனிடம் சத்தியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்த, இரு தரப்புக்கும் ஒட்டுறவில்லாத ஆட்களின் பட்டியலை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வைத்திருக்கட்டும். ஒருநாள் கூலிக்குக் குறையாத தொகையை, சாட்சி பேட்டாவைப் போலவே, கோர்ட் கலைவதற்குள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
மயிலாடுதுறை.