நிலாவுக்கு ஏன் ராக்கெட் என்று கேட்ட மணப்பாடு அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

“கடலுக்குப் போனவனைக் காப்பாற்ற வக்கில்லை, நிலாவுக்கு என்ன ராக்கெட்?” என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. சந்திரயான்-3க்குச் செலவு சுமார் 615 கோடி. 2025-26 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 13,416 கோடி. மொத்த பட்ஜெட் 50.65 லட்சம் கோடி. நூறு ரூபாய்க்கு 26 பைசா. சின்னத் தொகைதான், அதற்காகக் கணக்குக் கேட்கக் கூடாது என்றில்லை.

ஒக்கி புயலையே எடுத்துக்கொள்வோம். 2017 நவம்பர் 29 அன்று இலங்கைப் பக்கம் உருவான தாழ்வு மண்டலம், மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. 36,000 கி.மீ. உயரத்தில் இன்சாட்-3டி, 3டிஆர் என்ற வானிலைச் செயற்கைக்கோள்கள் இரண்டும் அந்த மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் தங்கு கடலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தொழிலுக்கு) போன படகுகள் பல நாள் முன்பே கிளம்பியவை. சில மைல் தாண்டினாலே செல்போன் செத்துவிடும். வயர்லெஸ்ஸும் அவ்வளவு தூரம் எட்டாது. செயற்கைக்கோளுக்குக் கொட்டிய பணம் வீணாகவில்லை; அங்கிருந்து படகு வரை சேதி போக ஆகும் சில்லறையைத்தான் யாரும் எடுத்து வைக்கவில்லை.

அந்தச் சில்லறை எவ்வளவு? ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகச் சேதி அனுப்பி வாங்கும் கருவி) பொருத்தும் திட்டம் 364 கோடி, அதாவது படகுக்குச் சராசரி 36,400 ரூபாய். தொடங்கியது 2024 ஆகஸ்டில். ஒக்கி அடித்து ஏழு வருஷம் ஆகப்போகிற நேரத்தில்! உங்கள் படகில் மாட்டும்போது ஒன்று பாருங்கள்: ஆன்டெனாவுக்கு மேலே திறந்த வானம் வேண்டும். இரும்புத் தகட்டுக்கு அடியில் வைத்தால் சிக்னல் வராது. பேட்டரி இணைப்பில் உப்புப் பூத்தாலும் கருவி படுத்துவிடும்.

மீன் கிடைக்கும் இடம் பற்றி ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அனுப்பும் தகவலுக்கும் செயற்கைக்கோள்தான் அடிப்படை. கடலின் மேல்சூட்டையும், பாசியின் பச்சையையும் செயற்கைக்கோள் அளக்கிறது. குளிர்ந்த நீரும் சற்றுச் சூடான நீரும் முட்டும் கோட்டில் பாசி பெருகும், அதைத் தின்ன பொடிமீன் வரும், அதன் பின்னால் பெருமீன் வரும். திசை, தூரம், ஆழம் எல்லாம் தருவார்கள். ஆழம் மீட்டரில் இருக்கும், 1.8 ஆல் வகுத்தால் உங்கள் பாகக் கணக்கு (36 மீட்டர் என்றால் 20 பாகம்). ஆனால் மேகம் மூடினால் அந்தக் கருவிகளுக்குக் கண் தெரியாது, அதனால் ஐப்பசி கார்த்திகையில் தகவல் குறையும். நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்தால் மீன் கோடும் நகர்ந்துவிடும், எனவே பழைய தகவலை நம்பி டீசலை எரிக்காதீர்கள்.

எல்லாச் செலவும் இப்படி இல்லை. நம் நாட்டு ஜி.பி.எஸ். போன்ற நாவிக்கின் முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாகின. அதே வரிசையில் 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02, வால்வு திறக்காததால் போய்ச் சேரவேண்டிய பாதைக்குப் போகவே இல்லை. ராக்கெட் தொழிலில் தோல்வி சகஜம், அது என்னை உறுத்தவில்லை. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு 20,193 கோடி என்பதுதான் உறுத்துகிறது. படகுத் திட்டத்தைப் போல 55 மடங்கு. மனிதரை அனுப்புவதால் மீனவருக்கு நேரடியாக ஏதோ கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் பக்கத்துக் குலசேகரன்பட்டினம் ஏவுதளம் 986 கோடி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே நேராக ஏவினால் இலங்கை குறுக்கே வரும். வளைந்து போக எரிபொருள் வீணாகும், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து நேராகத் தெற்கே ஏவலாம். இந்த லாபம் உண்மையானது. ஆனால் ஏவும் நாளில் ராக்கெட் போகும் பாதையில் படகு இருக்கக் கூடாது. அந்தத் தேதியை எத்தனை நாள் முன்பு சொல்வார்கள், ஏவுதல் தள்ளிப்போனால் வீணாகும் தொழில் நாளுக்கு யார் ஈடு தருவார்கள் என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.