காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்: நகரம் கட்டும் விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். புதிய அப்டேட்டின் குறிப்புகளைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பொதுப் போக்குவரத்து என்ற தலைப்பின் கீழ் பஸ்களுக்குப் புது வண்ணங்களும் மெட்ரோ நிலையத்துக்குக் கண்ணாடிக் கூரையும் வந்திருக்கின்றன. நாங்கள் தொடர்ந்து கேட்டுவருவது மட்டும் இந்த முறையும் வரவில்லை. ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: நகரவாசி ஒருவர் தன் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது, ஸ்டாப்பிலும் பிளாட்பாரத்திலும் அவர் நிற்கப்போகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

பிரச்சினை உங்களுக்குத் தெரியாததல்ல. மெட்ரோ திறந்ததும் அதே பாதையில் ஓடும் பஸ்கள் காலியாகிவிடுகின்றன. கீழே பிளாட்பாரத்தில் கால்வைக்க இடமில்லை. என் நகரத்தில் இப்போது நடப்பதை மட்டும் சொல்கிறேன். குடியிருப்புப் பகுதியில் வசிக்கும் ஒரு பெண்ணைக் கிளிக் செய்து பின்தொடர்ந்தேன். வீட்டு வாசலிலேயே பஸ் ஸ்டாப். அந்த பஸ் நேராக அவர் வேலைபார்க்கும் தொழிற்சாலை வாசலில் நிற்கும். அவர் ஸ்டாப்பைத் தாண்டி நடந்து மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கினார். ஒரு ரயில் நிரம்பிப் போனது. அடுத்ததும் போனது. அதற்கடுத்ததும் அவரை விட்டுவிட்டுத்தான் போனது. கடைசியில் பொறுமை எல்லை தாண்டியதும் அவர் பிளாட்பாரத்திலிருந்து மறைந்து வீட்டில் தோன்றினார். அதற்குள் பாதி காலியாக எத்தனையோ பஸ்கள் அவர் வீட்டைக் கடந்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் தொழிற்சாலையின் தலைக்கு மேல் ஆள் பற்றாக்குறைச் சின்னம் எரிந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேலையில்லாதவர்கள் நிறையப் பேர் இருந்தும் தொழிற்சாலை மூடப்பட்டது. நான் எங்கே தவறான இடத்தில் சாலை போட்டேன் என்று தேடிப் பயனில்லை. சாலை சரி, லைன் சரி, பட்ஜெட்டும் சரி.

அந்தப் பெண் போட்ட கணக்கைப் பாருங்கள். தூரம் 4 கிலோமீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பஸ்ஸுக்கு 12 நிமிடம், 60 கிலோமீட்டர் வேகத்தில் மெட்ரோவுக்கு 4 நிமிடம். உங்கள் நிரல் பார்ப்பது இவ்வளவுதான். பிளாட்பாரத்தில் ஏற்கெனவே 600 பேர் நிற்கிறார்கள், ஒரு ரயிலில் 180 பேருக்குத்தான் இடம். வரும் ரயில் எல்லாம் காலியாகவே வந்தாலும் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு நான்காவது ரயில்தான். 5 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும். பஸ் 6 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. சராசரியாக 3 நிமிடம் நின்றால் ஏறிவிடலாம். மொத்தமாகக் கூட்டினால் பஸ்தான் முந்துகிறது. நிஜ நகரங்களில் போக்குவரத்தைத் திட்டமிடுபவர்கள் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை வண்டியில் போகும் ஒரு நிமிடத்தைவிடப் பாரமாக, பெரும்பாலும் இரண்டு மடங்கு அளவுக்குக்கூட, வைத்துக் கணக்கிடுகிறார்கள். நாங்கள் இரண்டு மடங்கு கேட்கவில்லை. ஒரு மடங்காவது போடுங்கள்.

ரயில்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்பதுதான் எங்களுக்கு வந்த பதில். கூட்டினோம். கூட்டிய ரயில்கள் ஒன்றன் வால்பிடித்து ஒன்று வருகின்றன. முதல் வண்டி கொஞ்சம் தாமதமானால் அதற்குக் கூட்டம் அதிகம், ஆட்களை ஏற்றும் நேரம் அதிகம், இன்னும் தாமதம். பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆளில்லாமல் அது வந்து ஒட்டிக்கொள்ளும். பஸ்களில் இது ஏன் நடக்கிறது என்று நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964-லேயே கணித்துக் காட்டியிருக்கிறார்கள். 10 நிமிடத்துக்கு ஒன்றாக வரவேண்டியவை 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடியாக வந்தால், வண்டி எண்ணிக்கை அதேதான், ஆனால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடத்திலிருந்து 10 நிமிடமாகிறது. உங்கள் பட்ஜெட் ஸ்லைடர் எண்ணிக்கையை மட்டும் காட்டுகிறது. இடைவெளியைப் பிடித்துவைக்க ஒரு வழியும் இல்லை.

2004-ல் சியோல் நகரம் தன் பஸ் அமைப்பை மொத்தமாக மாற்றியது. பிரதான சாலைகளில் நெடுந்தூரம் ஓட நீல பஸ், உள்வட்டாரங்களிலிருந்து சுரங்க ரயிலுக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கப் பச்சை பஸ். இடையில் வண்டி மாறினாலும் மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். இதே பிரிவினையை உங்கள் விளையாட்டில் செய்து பாருங்கள். பச்சை பஸ்கள் பிதுங்கி வழியும், நீல பஸ்கள் காற்றை ஏற்றிக்கொண்டு ஓடும், பச்சை பஸ் கொட்டிய கூட்டம் முழுக்கப் பிளாட்பாரத்தில் தேங்கும். சுமையைப் பகிர்ந்துகொள்ளத்தான் இரண்டு வலைப்பின்னல்கள் வேண்டும். காத்திருப்பு பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் வேகமான ஒன்று எல்லாரையும் இழுத்துக்கொள்ளும், இன்னொன்று கட்டியதே வீண்.

இதற்கு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்திருக்கும் மாற்று வழியைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. மெட்ரோ நுழைவாயிலை வேண்டுமென்றே இரண்டு தெரு தள்ளிக் கட்டுகிறோம், நடக்கும் தூரம் கூடினால் கொஞ்சம் பேராவது பஸ்ஸுக்குப் போவார்கள் என்று. நல்ல நகரம் கட்டத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து மோசமான நகரம் கட்டிக்கொண்டிருக்கிறோம். சம்பளம் வாங்காத ஒருவர் இதைச் சரிசெய்து ஒரு மோட், அதாவது விளையாட்டோடு சேர்த்து ஓடும் துணை நிரல், எழுதினார். உங்கள் ஒவ்வொரு அப்டேட்டும் அதை உடைக்கிறது, அவர் மறுபடி ஒட்டுகிறார். இதற்கிடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய கட்டடத் தொகுப்புகள் மட்டும் தவறாமல் வருகின்றன. நாங்கள் அனுப்பிய பிழை அறிக்கைகளோ, திட்டமிட்டபடியே இயங்குகிறது என்ற ஒற்றை வரியோடு மூடப்படுகின்றன. அந்த வரி எங்களுக்கு உறுத்துகிறது. ரயிலேற முடியாமல் மறைந்துபோகும் பயணிகள் யாருடைய திட்டம்?

சரி, கோபத்தை நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் சிரமமும் எங்களுக்குப் புரிகிறது. லட்சம் பேருக்கு ஒரே சமயத்தில் வழி கண்டுபிடிப்பது கணினிக்குப் பெரிய பாரம். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காத்திருப்பைக் கணிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒவ்வொரு லைனுக்கும் ஒரே ஓர் எண்ணை வைத்திருந்தால் போதும்: சமீபத்தில் அங்கே ஏறியவர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது. வண்டி கிளம்பும்போதெல்லாம் அதைப் புதுப்பியுங்கள். வழி தேடும்போது, வண்டியில் ஏறும் இடத்தில் அந்த எண்ணைப் பயணச் செலவோடு கூட்டுங்கள். அப்புறம், நிரம்பிய வண்டி விட்டுவிட்டுப் போனவருக்கு ஒரே ஒருமுறை வேறு வழி தேட வாய்ப்புக் கொடுங்கள். அந்த எண்ணை லைன் தகவல் பலகையில் எங்களுக்கும் காட்டினால், எங்கே பஸ்ஸைக் கூட்ட வேண்டும், எங்கே ரயிலைக் கூட்ட வேண்டும் என்பதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

எல்லாருக்கும் இது வேண்டாம் என்று நினைத்தால் அமைப்புகளில் ஒரு தேர்வாக வையுங்கள். பழைய கணினி வைத்திருப்பவர்கள் அணைத்துவிட்டு ஆடட்டும். அடுத்த அப்டேட்டிலேயே முடியாவிட்டால், எப்போது என்று சொல்லுங்கள். முடியவே முடியாது என்றால் காரணத்தைச் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேருங்கள் என்று மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டை விட்டுவிட மனமில்லாத ஓர் ஆட்டக்காரர்