‘இல்லத்தரசி’ என்று எழுதாதீர்கள்

மக்கள் நல்வாழ்வுப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன மாதம் என் அக்காவை மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வயது 56. பீடி, சிகரெட் உண்டா என்றார்கள். இல்லை என்றோம். தொழில் என்ற இடத்தில் எங்களைக் கேட்காமலே ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல்.

அக்கா எட்டு வயதில் களத்துக்குப் போனவள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அறுப்புக் காலத்தில் பெரியவர்கள் கதிரடிக்க, பிள்ளைகள் முறத்தோடு பதர் தூற்ற நிற்பார்கள். நெல் சுணை பட்டுக் கழுத்தெல்லாம் அரிக்கும். காலையில் காறித் துப்பினால் சளி கறுப்பாக வரும். கதிர் பால் பிடிக்கும்போது நாவாய்ப்பூச்சி விழும். அப்போது பி.எச்.சி. (BHC) என்ற பூச்சிக்கொல்லிப் பவுடரைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி அவள் கையில் கொடுப்பார்கள். பனி காய்வதற்குள், குச்சியால் அதைத் தட்டித் தட்டி வரப்பு முழுக்க நடப்பாள். கரையேறியதும் அதே கையால் பழையது சாப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் தலைமுடியில் அந்தப் பூசண வாடை வரும்.

நுரையீரல் இருபது, இருபத்தைந்து வயது வரை வளர்கிறது என்பது நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளர்கிற வயதில் அது அடிபட்டால் மூச்சின் கையிருப்பே குறைவு. ஐம்பதுக்கு மேல் அது சீக்கிரம் தீர்ந்துபோகிறது. தானியம் சலிப்பவர்களுக்கு மூச்சிரைப்பு வருவதை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-லேயே எழுதிவைத்தார். இன்றும் எங்களிடம் கேட்கப்படுவது பீடி ஒன்றுதான்.

அக்காவுக்கு முதலில் டிபி என்றார்கள். சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் ஆறு மாதம் மாத்திரை. அப்புறம் ஆஸ்துமா. ஐந்து வருஷம் கழித்து வெளியூரில் ஒரு டாக்டர்தான் குழாயை வாயில் வைத்து முழு பலத்தோடு ஊதச் சொன்னார். கால் மணி நேர வேலை. சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று அன்றைக்கே தெரிந்தது. இப்போது அவளால் படுத்துத் தூங்க முடியாது. சுவரோரம் இரண்டு தலையணையை அணைத்து, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைக்கிறாள். அரைக்குடம் தண்ணீரைத் தூக்கிவிட்டு, பேச்சு வர ஐந்து நிமிஷம் ஆகிறது.

தயவுசெய்து கேளுங்கள்: சின்ன வயதில் என்ன வேலை பார்த்தீர்கள், எந்தத் தூசியில், எந்தப் பூச்சிமருந்தில் நின்றீர்கள்? இந்தக் கேள்வி மருத்துவமனைச் சீட்டில் இருக்க வேண்டும். ஊதிப் பார்க்கும் கருவி ஒவ்வொரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும்.

‘கிராமத்துக் காற்று நல்லதாயிற்றே’ என்று படித்தவர்களே எங்களிடம் சொல்கிறார்கள். ஜெர்மனியின் பவேரியாவில் மாட்டுக்கொட்டகையோடு வளர்ந்த குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்ற ஆய்வு உண்மைதான். மாட்டுக்கொட்டகை வேறு, விஷப்பவுடர் மூட்டை வேறு ஐயா. பூச்சிமருந்து டப்பாவில் எவ்வளவு விஷம் என்று சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் போடச் சட்டம் இருக்கிறது. அந்த டப்பாவைத் திறந்த பிள்ளையைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது. பி.எச்.சி.யை 1997-இல் அரசு தடை செய்தது. அதைச் சுவாசித்து வளர்ந்தவர்களைத் தேடி அன்றும் யாரும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை எங்கள் தெருவுக்கே வருகிறது. அதற்கு நன்றியோடுதான் கேட்கிறேன். அதே திட்டத்தில் அந்த ஒரு கேள்வியையும், வட்டாரத்துக்கு ஒரு ஊதும் கருவியையும் சேர்த்துவிடுங்கள்.

அக்காவின் சீட்டை நானே பேனாவால் திருத்தியிருக்கிறேன்: ‘விவசாயக் கூலி, எட்டு வயதிலிருந்து.’ அடுத்த முறை போகும்போது அதை அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவள் தம்பி