எஸ்.பி. ரோட்டுக்குப் போகும்போது பென்டிரைவையும் எடுத்துப் போங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூடியூப் சேனல், கல்யாண ரீல்ஸ், கோயில் திருவிழாப் பதிவு என்று வீடியோ பக்கம் திரும்பிய பிள்ளைகளை இப்போது அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் எங்கும் பார்க்கலாம். பெற்றோரும் தட்டாமல் பெங்களூரின் கம்ப்யூட்டர் கடைவீதியான எஸ்.பி. ரோட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். "எடிட்டிங்குக்கு ஒரு சிஸ்டம் வேணும்" என்று கேட்கிறார்கள். "ஐ7 போடலாம், கிராபிக்ஸ் கார்டும் போடலாம்" என்று பதில் வருகிறது. வீட்டுக்கு வந்து, போனில் எடுத்த காட்சியை, எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை வரிசைப்படுத்தும் டைம்லைனில் இழுத்துப் போட்டால் படம் திக்கித் திக்கி நகர்கிறது. பணம் போதாமல் இப்படி ஆவது குறைவு. எந்தக் கேமராவின் படத்தை எந்த மென்பொருளில் வெட்டப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாமல் பெட்டியை வாங்குவதால்தான் பெரும்பாலும் ஆகிறது.

ஐபோனும் இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் எச்.265 என்ற முறையில் பதிவு செய்கின்றன; எச்இவிசி என்பதும் இதுதான். இந்த முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. வீட்டு வரவு செலவு நோட்டில் தினமும் கையிருப்பை எழுதாமல் அன்றைய வித்தியாசத்தை மட்டும் எழுதிவைத்தால் என்ன ஆகும்? 25-ம் தேதி கையிருப்பு எவ்வளவு என்று கேட்டால் முன்பு எப்போதோ எழுதிய மொத்தத்திலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். சும்மா படம் பார்க்கும்போது கணக்கு வரிசையாகப் போவதால் தெரியாது. எடிட்டிங்கில் முன்னும் பின்னும் தாவும்போது ஒவ்வொரு தாவலுக்கும் இந்தக் கூட்டல் நடக்கிறது. அதைச் செய்யச் சிப்புக்குள் தனிப் பகுதி, அதாவது ஹார்டுவேர் டிகோடர், இருந்தால் வேலை ஓடும். இல்லாவிட்டால் புராசஸர் முழுச் சுமையையும் தலையில் வாங்கிக்கொண்டு திணறும்.

ஆகவே "ஐ7" என்ற பெயரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 4770 என்ற எண்ணில் முதல் இலக்கம் 4, அதாவது நான்காம் தலைமுறை. 2013-ல் வந்தது, எச்.265 டிகோடர் கிடையாது. 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. இன்டெலில் ஆறாம் தலைமுறை முதல் 8-பிட் எச்.265-க்கும், ஏழாம் தலைமுறை முதல் 10-பிட்டுக்கும் டிகோடர் உண்டு (பிட் என்பது நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்ற அளவு). பழைய ஐ7-ஐ விடப் புது ஐ3 போன் வீடியோவைச் சரளமாக ஓட்டுவது இதனால்தான். மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கேமரா மெனுவில் 4:2:2 10-பிட் எச்.265 தேர்ந்தெடுத்திருந்தால், இன்டெல் டெஸ்க்டாப் புராசஸர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸில் பதினொன்றாம் தலைமுறை முதல்தான் அதற்கு டிகோடர் இருக்கிறது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் படியுங்கள். 12400 வேறு, 12400எஃப் வேறு. 'எஃப்' போட்டதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. அதோடு சேர்ந்த டிகோடரும் இல்லை. விலை கொஞ்சம் குறைவு என்பதால் கடையில் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். எஃப் வாங்கினால் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். அந்தக் கார்டாக ஜிடி 710-ஐச் சொருகிவிட்டு "2 ஜிபி கிராபிக்ஸ்" என்று பில் எழுதினால், பணமும் போச்சு, பலனும் இல்லை: அதில் எச்.265 டிகோடர் கிடையாது. ஜிடி 1030-ல் டிகோடர் உண்டு, ஆனால் ரெண்டருக்கு, அதாவது வெட்டி முடித்ததை ஒரே வீடியோவாக எழுதுவதற்கு, உதவும் என்கோடர் இல்லை. ஆரம்பத்தில் இருப்பவர் எஃப் இல்லாத ஐ5, உள்ளமைந்த கிராபிக்ஸ், கார்டு எதுவும் வேண்டாம் என்று தொடங்கலாம். பின்னாளில் தேவைப்பட்டால் ஆர்டிஎக்ஸ் 3050 போன்ற ஒன்றைச் சொருகிக்கொள்ளலாம்.

கடையில் சோதிப்பது எப்படி? உங்கள் போனில் எடுத்த, நீங்கள் வழக்கமாக எடுக்கும் அதே செட்டிங்கில் உள்ள மூன்று நான்கு கிளிப்புகளைப் பென்டிரைவில் கொண்டு போங்கள். அங்கே முதலில் கிளிப்புகளை கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்யுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டினால் பென்டிரைவின் மந்தத்தை கம்ப்யூட்டரின் மந்தம் என்று நினைத்துவிடுவோம். நீங்கள் பயன்படுத்தப் போகும் மென்பொருளில் டைம்லைனில் போட்டு, பத்துப் பதினைந்து இடத்தில் வெட்டி, மேலே ஒரு டைட்டில் வைத்து ஓட்டுங்கள். கூடவே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ஜிபியு-வைச் சொடுக்கினால் 'வீடியோ டிகோட்' என்று ஒரு வரைபடம் தெரியும். அது ஏறினால் டிகோடர் வேலை செய்கிறது. அது தரையில் கிடக்க, சிபியு மட்டும் 100-ஐத் தொட்டால் அந்த சிஸ்டம் உங்களுக்கு வேண்டாம். புதிதாக அசெம்பிள் செய்யச் சொல்பவர்கள், கடையில் அதே புராசஸர் உள்ள டிஸ்ப்ளே மெஷினில் இதைச் செய்து பார்க்கலாம். மென்பொருளை முன்கூட்டியே போட்டு வைக்கச் சொல்லிப் போனில் பேசிவிட்டுப் போவது நல்லது. டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருள்கள் பல ஜிபி இறங்க வேண்டும்.

ராம் 16 ஜிபி, அதுவும் எட்டும் எட்டுமாக இரண்டு குச்சி. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒற்றைக் குச்சியானால் பாதை பாதியாகிவிடும். எஸ்எஸ்டி, வேகம் கூடிய என்விஎம்இ வகையாக இருக்கட்டும். அளவைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். ஐபோனில் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, ஒரு மணி நேரத்துக்குப் பத்து ஜிபி. 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) பதிவு செய்யும் கேமராவில் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, நான்கு மணி நேர முகூர்த்தம் என்றால் 360 ஜிபி. 500 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸும் மென்பொருளும் போக மிச்சம் ஒரே கல்யாணத்தில் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். வேலை நடக்கும் படம் எஸ்எஸ்டியில், முடிந்தது ஹார்டு டிஸ்க்கில், அதன் நகல் இன்னொரு ஹார்டு டிஸ்க்கில்.

பெங்களூரில் கம்பெனிகள் கழித்துவிடும் பழைய டெஸ்க்டாப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பலருக்கு இதுவே சரியான தொடக்கம். எட்டாம் தலைமுறைக்குக் கீழ் போக வேண்டாம்: விண்டோஸ் 11 அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஒல்லிப் பெட்டி பார்க்க அழகு. ஆனால் உயரம் குறைந்த கார்டுதான் அதில் நுழையும், எஸ்எம்பிஎஸ்ஸும் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம், பழுதானால் தேடி அலைய வேண்டும். டவர் பெட்டியாகப் பாருங்கள்.

லேப்டாப்பில் திரைதான் ஏமாற்றும். விவரக் குறிப்பில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்றிருந்தால் நிறம் வெளிறித் தெரியும். நீங்கள் ஏற்றிச் சரிசெய்த புடவைச் சிவப்பு அடுத்தவர் போனில் கண்ணைப் பறிக்கும். திரை காட்டும் நிற வீச்சின் இன்னோர் அளவான எஸ்ஆர்ஜிபி 100 சதவீதத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஆப்பிளின் எம்1 முதல் எல்லாச் சிப்பிலும் எச்.265 டிகோடர் இருக்கிறது. ஆனால் அந்த லேப்டாப்புகளில் மெமரியைப் பிறகு ஏற்ற முடியாது, 8 ஜிபியை வாங்கிவிட்டு வருந்தக் கூடாது.

மென்பொருளுக்கு வருகிறேன். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தொடங்குபவருக்குப் பெரும்பாலும் போதும். வாட்டர்மார்க் கிடையாது, 4கே அல்ட்ரா எச்டி வரை ரெண்டர் ஆகும். ஆனால் அது கனமானது. 16 ஜிபி ராம் இல்லாத இடத்தில் அதைப் போட்டுவிட்டு மென்பொருளைத் திட்டுவது நியாயமில்லை. இரண்டு விஷயத்தில் புதியவர்கள் தவறாமல் மாட்டுகிறார்கள். ஒன்று, டைம்லைனில் கிளிப் விழுந்த பிறகு அந்த டைம்லைனின் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது. முதலிலேயே 25-ஆ 30-ஆ என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, வேலை ஒரு ஃபைலாக உங்கள் ஃபோல்டரில் இருக்காது, டேட்டாபேஸுக்குள் இருக்கும். வழக்கமாக அது இருப்பது சி டிரைவ். படங்களையெல்லாம் டி டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு விண்டோஸை ஃபார்மட் அடிப்பவருக்குப் படம் இருக்கும், ஒரு மாத வெட்டு இருக்காது. வேலை முடிந்த அன்றே புராஜெக்ட் மேனேஜரில் வலது சொடுக்கி 'எக்ஸ்போர்ட் புராஜெக்ட் ஆர்க்கைவ்' கொடுத்து வெளி டிஸ்க்கில் வையுங்கள்.

8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ். இரண்டும் இலவசம், திறந்த மூலம். ஷாட்கட்டைத் தயாரிப்பவர்களே எச்டி வீடியோவுக்கு 8 ஜிபி, 4கேவுக்கு 16 ஜிபி என்று சொல்கிறார்கள். பிரீமியர் நல்ல மென்பொருள்தான், ஆனால் சந்தா கட்டும் வரை மட்டுமே. "சார், கிராக் வெர்ஷன் போட்டுத் தர்றோம்" என்று கடையில் சொல்வது இதற்காகத்தான். அதைப் போட முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. கல்யாணப் பதிவு முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்கள் பரவும் வழிகளில் கிராக்கும் ஒன்று.

நம்மவர்களுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதை எந்த ஆங்கில யூடியூபரும் சொல்ல மாட்டார். எழுத்து. பெங்களூரில் ஒரே அழைப்பிதழில் தமிழும் கன்னடமும் வரும், டைட்டிலிலும் வரும். சில மென்பொருள்களில் 'கொ' என்று அடித்தால் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கன்னடக் கூட்டெழுத்தான ஒத்தக்ஷரம் எழுத்தின் அடியில் சேராமல் உதிர்ந்து கிடக்கும். பிரீமியரில் இப்படி வந்தால் பிரிஃபரன்ஸஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றி, எழுத்தைப் புதிதாக அடிக்க வேண்டும். ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் யூனிகோடு தமிழ் பெரும்பாலும் ஒழுங்காக விழும். எதிலும் சரிவராவிட்டால் இங்க்ஸ்கேப்பில் டைட்டிலை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து டைம்லைனில் வையுங்கள். ஃபான்ட் விண்டோஸிலேயே உள்ள நிர்மலா யுஐ போதும், இரு மொழியும் அதில் உண்டு. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்துத் தப்பிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு வேலை முடியும். ஃபான்ட் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் மணப்பெண் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். கடைச் சோதனையின்போது 'ஸ்ரீ', 'கொ', 'கௌ' மூன்றையும் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விற்க ஓட வேண்டாம். பிராக்ஸி என்ற வழி இருக்கிறது. டாவின்சியில் மீடியா பூலில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கி 'ஜெனரேட் பிராக்ஸி மீடியா' கொடுத்தால், சின்ன அளவில் நகல் உருவாகும்; அதை வைத்து வெட்டலாம், ரெண்டர் அசலிலிருந்தே ஆகும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார். ஐபோன் 12 முதல் எச்டிஆர் பதிவு, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமாகப் பதியும் முறை, உண்டு. அதைச் சாதாரண டைம்லைனில் போட்டால் வெள்ளை வேட்டி வெளுத்து விவரமே தெரியாமல் போகும். செட்டிங்ஸில் கேமரா, ரெக்கார்டு வீடியோ என்று போய் எச்டிஆரை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

பேச்சும் உதடும் போகப் போக விலகுகிறதா? போன் நொடிக்கு 30 என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் குறைந்த இடத்தில் 27, 28 என்று எடுத்திருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோ பக்கத்தில் ஃபிரேம் ரேட்டை 30 என்றும் 'கான்ஸ்டன்ட்' என்றும் வைத்து ஒருமுறை மாற்றிய பிறகே டைம்லைனுக்குக் கொண்டு வாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடித்தால் கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்து எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அதைச் சரிசெய்யும் கருவி டாவின்சியின் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது.

யூடியூபுக்கு 1080பி, 30 ஃபிரேம் என்றால் எச்.264-ல் 8 எம்பிபிஎஸ் என்பது அவர்களே தரும் அளவு. அதற்கு மேல் கொஞ்சம் வைக்கலாம். 50 வைத்தால் அப்லோடு நேரம்தான் கூடும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் '500 வாட்' பெட்டியில் அந்த எண் ஸ்டிக்கரில் மட்டும்தான். ரெண்டர் ஏறும் நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆவதற்கு அதுவே முதல் சந்தேகம். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும், கரண்ட் போனால் சில நிமிடம் கிடைக்கும். சேமித்து அணைக்க அது போதும், ரெண்டரை முடிக்கப் போதாது.

18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கப் பில் இல்லாமல் வாங்குபவர்கள், பெட்டி இல்லாத 'ட்ரே' புராசஸரைக் கையில் வாங்கிக்கொண்டு வருவதும் நடக்கிறது. பெட்டியோடு வருவதற்குத் தயாரிப்பாளரின் மூன்றாண்டு வாரன்ட்டி. ட்ரேக்குக் கடைக்காரரின் வாய்ச்சொல். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கட்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் கடை விளம்பரங்களில் 'எடிட்டிங் பிசி, ஐ7, 16 ஜிபி' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். புராசஸரின் எண்ணைக் கடைசி எழுத்து வரை போடச் சொல்லி விளம்பரப் பிரிவினர் கேட்டு வாங்கி அச்சிட்டால், இந்தக் கடிதத்தில் பாதிக்கு வேலையே இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வீடியோ எடிட்டர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.