தோல் முட்டையும் மைக்காவும்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே மழை, அப்புறம் தங்கை மகளுக்கு வளைகாப்பு. அதனால்தான் தாமதம். முழங்கால் வலி குறைந்ததா?

என் வெள்ளைக் கோழி ஓடில்லாமல் மெத்தென்று தோல் முட்டையிடுகிறது என்று புலம்பினால், "கிளிஞ்சலுக்குக் காசு செலவழிக்காதே, மைக்காத் தூள் போடு, அதுவே சுண்ணாம்பாக்கிக் கொள்ளும்" என்று எழுதியிருக்கிறாய். சிரித்துவிட்டேன். ஆனாலும் இரண்டு ராத்திரி, இந்த மைக்காக் கதையைக் கிளப்பிவிட்ட பிரெஞ்சுக்காரர் லூயி கெர்வ்ரானைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

கதையின் தொடக்கம் அழகு. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் சிறுவன் கெர்வ்ரான். வீட்டுக் கோழிகள் முற்றத்தில் மினுக்கும் மைக்காத் துணுக்குகளை, அதாவது காக்காப்பொன்னை, கொத்தித் தின்பதைப் பார்க்கிறான். அம்மா கோழி அறுக்கும்போது இரைப்பையில் மணல் கிடக்கிறது, மைக்கா இல்லை. எங்கே போயிற்று? நல்ல கேள்வி. 1960களில் அவர் சொன்ன பதில்தான் இடிக்கிறது. மைக்காவிலுள்ள பொட்டாசியத்தின் அணுக்கருவோடு ஒரு ஹைட்ரஜன் அணுக்கருவைச் சேர்த்துக் கோழி சுண்ணாம்பிலுள்ள கால்சியத்தைச் செய்கிறதாம். அணு எண்படி பொட்டாசியம் 19, ஹைட்ரஜன் 1, கால்சியம் 20; கூட்டல் சரிதான்.

ஆனால் அந்தச் சேர்க்கை நடந்தால் வெளிவரும் ஆற்றலைக் கணக்குப் போட்டாயா? நான் போட்டேன். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம். அதைக் கோழி இப்படித் தயாரித்தால் ஏறக்குறைய 11,000 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வரும். ஒரே முட்டைக்கு! கூண்டோடு தெருவே போய்விடும்; என் கோழியோ கொக்கரித்துவிட்டுத் தவிடு தின்னப் போகிறது.

நீ கெர்வ்ரானுக்குச் சாட்சியாகச் சொன்ன வோக்கலான் விஷயம் வேறு. அவர் குரோமியத்தைக் கண்டுபிடித்த பெரிய வேதியியலாளர். 1799-இல் கோழிக்கு ஓட்ஸ் மட்டும் போட்டு, அதிலிருந்த சுண்ணாம்பையும், முட்டையிலும் எச்சத்திலும் வந்த சுண்ணாம்பையும் அளந்தார். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம். அவர் அளவை நான் குறை சொல்ல மாட்டேன். கோழியிடம் கையிருப்பு இருந்ததுதான் கணக்கில் வரவில்லை. முட்டையிடும் பருவம் வந்ததும் அதன் கால் எலும்புக்குள், மஜ்ஜை இருக்கும் இடத்தில், இன்னொரு வகை எலும்பு வளர்கிறது. ஓடு பெரும்பாலும் ராத்திரியில் உருவாகிறது. அப்போது தீனி போதாமல் போனால் அங்கிருந்துதான் கால்சியம் கரைந்து வருகிறது. தீவனத்தில் சுண்ணாம்பே இல்லாவிட்டாலும் சில நாள் ஓட்டோடு முட்டை வரும். அப்புறம் தோல் முட்டை, அப்புறம் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடும். என் வெள்ளைச்சியும் போன மாதம் சுவரில் சாய்ந்துதான் நின்றது.

கெர்வ்ரான் 1983-இல் இறந்தார். பத்து வருஷம் கழித்து, முட்டை ஓட்டுக் கால்சியம் குளிர் அணுக்கரு இணைவில் (பெரும் வெப்பமில்லாமலே அணுக்கருக்கள் ஒன்றுசேர்வதில்) உண்டாகிறது என்ற அவர் முடிவுக்காக, கேலிக்குத் தரும் இக் நோபல் பரிசைக் கொடுத்தார்கள். செத்தவரை அப்படிச் சீண்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

கூண்டில் ஒரு டப்பாவில் கிளிஞ்சல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நேற்று வந்த முட்டையைக் கையில் எடுத்தேன்; அமுங்கவில்லை. கூர்முனையில் மட்டும் இன்னும் மணல் ஒட்டினாற்போல் சொரசொரப்பு. தையில் வரும்போது உனக்கு ஒன்று அவித்துத் தருகிறேன். மைக்கா கொண்டுவராதே.

உன்,
சிவராமன்