கயிற்றின் இரு முனைகளுக்கும் நடுவே ஒருவர் வேண்டும்

விஞ்ச் பறப்புக் குழுவின் மதிப்பிற்குரிய பாதுகாப்புப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அன்று, பாராகிளைடரை மேலேற்ற விஞ்ச் எனும் பொறி சுருட்டி இழுக்கும் கயிற்றின் முனையில் இருந்து, தரையில் இழுபட்டவன் நான். கணுக்கால் ஆறிவிடும், ஆனால் அடுத்த இழுவைக்கு முன் ஒன்று மாறியாக வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். பறப்பவரின் அருகே, வேறு எந்த வேலையும் இல்லாத ஒருவர் வாக்கி-டாக்கியுடன் நிற்காமல் எந்த இழுவையையும் தொடங்கக் கூடாது. அவர் 'நிறுத்து' என்றால் விஞ்ச் உடனே நிற்க வேண்டும்.

என் சிறகு எழும்போதே வலப்பக்கம் சாய்ந்தது. சிறகு தலைக்கு மேல் நேராக வந்து நின்ற பிறகே இழுவிசை கூட வேண்டும் என்று முதல் நாளே கற்றுத் தந்தவர்கள் நீங்கள்தாம். ஆனால் 800 மீட்டருக்கு அப்பால் விஞ்சை இயக்கியவருக்கு அந்தச் சிறகு ஒரு வண்ணக் கோடாகத்தான் தெரிந்திருக்கும்; வெயிலில் தரை அலையாடும் வேளையில், அது நேராக நிற்கிறதா சாய்கிறதா என்பதை அவ்வளவு தொலைவிலிருந்து கண்டுபிடிப்பது எவருக்கும் கடினம். ஆகவே அவரை நான் குறைசொல்லவில்லை. 'நிறுத்து' என்று சொல்ல வேண்டியவன் நான். என் வாக்கி-டாக்கியோ நெஞ்சுப் பட்டையில் இருந்தது, இரு கைகளிலும் பிரேக் பிடிகள் இருந்தன. பேசும் பொத்தானை அழுத்தக் கையை எடுத்தால் சாயும் சிறகைத் திருத்த முடியாது. எடுக்காவிட்டால் கயிறு இழுத்துக்கொண்டே இருக்கும். 'நிறுத்து, நிறுத்து' என்று தொண்டை கிழியக் கத்தினேன். பின்னால் வரிசையில் நின்ற அனைவருக்கும் அது கேட்டது. அவர்களில் ஒருவர் கையிலும் வாக்கி-டாக்கி இல்லை. கயிற்றை விடுவித்திருக்கலாமே என்று பிறகு கேட்டீர்கள். விடுவித்தேன், தரையில் ஏறத்தாழ 15 மீட்டர் இழுபட்டு, கை ஒருவழியாகக் கயிற்றைக் கழற்றும் ரிலீஸை எட்டியபோது.

கயிற்றில் வேண்டுமென்றே வலுக்குறைவாக வைத்த இணைப்பான வீக் லிங்க் இருக்கும்போது எதற்குக் கவலை என்றும் உங்களில் ஒருவர் கேட்டார். குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால்தான் வீக் லிங்க் அறும். நான் தரையில் இழுபட்டபோது அந்த அளவு விசை கயிற்றில் இல்லவே இல்லை. லாக்-அவுட் எனும் மீட்க முடியாத திருப்பத்திலும் இதே கதைதான். பறப்பவரின் உடலோடு கட்டிய இருக்கைப் பட்டையான ஹார்னஸைக் கயிறு விஞ்சை நோக்கி இழுக்க, அவருக்குப் பல மீட்டர் மேலே உள்ள சிறகு பக்கவாட்டில் விலகிச் செல்லும்போது, இழுவையே அந்தத் திருப்பத்தை மேலும் மேலும் வலுவாக்குகிறது. ஓரளவைத் தாண்டிவிட்டால் எதிர்ப்பக்கப் பிரேக்கால் அதை மீட்க முடியாது. பிரேக்கை இன்னும் ஆழமாக இழுத்தால் சிறகு ஸ்டால் ஆகி, தாங்கும் விசையை இழக்கும். இழுவிசை குறைய வேண்டும் அல்லது கயிறு விடுபட வேண்டும், வேறு வழியில்லை. இதெல்லாம் வீக் லிங்க் அறும் அளவை எட்டாத விசையிலேயே நடந்துவிடக்கூடும். வீக் லிங்க் தன் வேலையைச் செய்யட்டும்; கண் செய்ய வேண்டிய வேலையை அதனிடம் ஒப்படைக்காதீர்கள்.

கேட்கத் தொடங்கிய பின் மற்றதையும் மறைப்பதற்கில்லை. வரிசை நீள நீள எல்லாவற்றிலும் அவசரம் வந்துவிடுகிறது. விஞ்சில் உள்ள கயிறு வெட்டும் கருவியை நாளின் தொடக்கத்தில் எவரும் சோதித்துப் பார்த்ததை அண்மையில் நான் கண்டதில்லை. முதல் 50 மீட்டர் உயரம் வரை இழுவிசையைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்பதும், தரைக்கு அருகே செங்குத்தாக ஏறும் நேரத்தில் கயிறு அறுந்தால் முன்னோக்கிப் பாயும் சிறகை அடக்கப் போதிய உயரமே இருக்காது என்பதும் நீங்கள் அறியாதவையா? மாலைக்குள் இன்னும் நான்கு பேரை ஏற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால், அறிந்தவர்களும் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் விழுந்த பிறகும் வரிசை நகர்ந்ததைத்தான் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் சரிசெய்யுமாறு நான் கேட்கவில்லை. முதலில் அந்த ஒருவரை நிறுத்துங்கள். வரிசையில் காத்திருப்போரே முறைவைத்து அப்பணியைச் செய்யலாம். என் முறை வரும்போது நானும் நிற்பேன். வாக்கி-டாக்கி செயலிழந்தால் விஞ்சை இயக்குபவர் தொலைவிலிருந்தே காணத்தக்க பெரிய வண்ணத் தட்டு ஒன்றும் பறப்பவரின் அருகே நிற்பவர் கையில் இருக்கட்டும். தட்டு உயர்ந்தாலோ, வாக்கி-டாக்கியில் பதில் வராவிட்டாலோ, இழுவை நிற்கட்டும்.

அடுத்த பறப்பு நாளுக்கு முன் இதை எழுத்து வடிவில் விதியாக்கி அனைவருக்கும் அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்த அறிவிப்பு வரும்வரை என் சிறகு பையிலேயே இருக்கும்.

நன்றியுடன்,
உங்கள் குழுவில் பறக்கும் ஒருவன்